ஆறாவது கட்டம்

மகளிர் தினத்துக்கு விருது கொடுக்கிறார்களாம்.
பெயர் அனுப்பச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது.
ஸ்டேஷன் ரைட்டர் என்பதால்
என் மேசைக்கு.

முதல் கட்டம், பெயர்: சு. பிரம்மசக்தி.
இரண்டு, பதவி: தலைமைக் காவலர்.
மூன்று, பணிக்காலம்: பத்தொன்பது ஆண்டு.
நான்கு, பெற்ற தண்டனை:
ஒன்று உண்டு.
தொப்பி இல்லாமல் அணிவகுப்புக்கு வந்தது.
முந்தின இரவு நாற்கரச் சாலையில் கவிழ்ந்த வேனிலிருந்து
தூக்கிய யாரோ ஒரு கைக்குழந்தை
தொப்பியில் வாந்தி எடுத்திருந்தது.
அதை எழுத இடமில்லை. 'ஒன்று' என்று மட்டும் எழுதினேன்.
ஐந்து, இரத்த வகை. எதற்கோ.

ஆறில் பேனா நின்றுவிட்டது.
'கண்டுபிடித்த முக்கிய வழக்கு, குற்ற எண்ணுடன்.'

எண் இல்லை, அய்யா.
ஆடிக் கொடை முடிந்த மறுநாள்
பள்ளிக்கூட பஸ்ஸில்
ஜன்னலோரம் யார் உட்காருவது என்று தொடங்கியது.
மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தில் ஏறி
சாயங்காலத்துக்குள்
இரண்டு தெருவுக்கும் தெரிந்துவிட்டது.
அடி வாங்கியவனின் அண்ணன் மந்திரமூர்த்தி
மூன்றடைப்பு விலக்குக்குப் பக்கத்தில்
வாழைத் தோட்டத்து வரப்பில் நின்றான்.
எட்டே நாற்பது பஸ்ஸில்
டியூஷன் முடிந்து ஒருவன் இறங்குவான்.

பிரம்மசக்திக்கு அன்று வார ஓய்வு.
சேலையில்தான் இருந்தாள்.
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறாள்:
"ஏலே, அந்த அரிவாளைக் கொஞ்சம் தா.
நாலு இலை அறுக்கணும்."

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
கொடுத்துவிட்டான்.

நாலு இலை அறுத்தாள்.
"பிடி" என்றாள். பிடித்தான்.
இன்னும் நாலு.
கிழியாத இலையாகத் தேடித் தேடி
டார்ச் அடிக்கச் சொன்னாள். அடித்தான்.
ஒன்றின்மேல் ஒன்றாக, நரம்பு பார்த்து,
அவன் நெஞ்சு மறையும் வரை அடுக்கினாள்.
பணகுடிப் பக்கம் காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள்
மினுங்கி மினுங்கி அணைந்தன.
பஸ் வந்தது.
நின்றது.
போனது.
இறங்கியவன் பாட்டுக்கு
செல்போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே நடந்தான்.
இரண்டு கை நிறைய இலையோடு
மந்திரமூர்த்தி அழத் தொடங்கியதாக
அவள் சொல்லவில்லை.
ஸ்கூட்டியில் பின்னால் அவனை ஏற்றி
ஸ்டேஷனுக்கு வந்தபோது
மேல் இலைகள் நனைந்திருந்தன. மழை இல்லை.

அன்றிரவு பரோட்டாவைக்கூட நாங்கள்
இலையில் வைத்துத் தின்றோம்.
அவனும் தின்றான். நாலு.
அரிவாள் ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது,
சீட்டு இல்லை, சீல் இல்லை.
வெள்ளிக்கிழமை தேங்காய் உடைக்கிறோம்.

மறுநாள் காலை தோட்டக்காரர் வந்து நின்றார்.
'அனுமதியின்றி வாழையிலை அறுத்தது, எண்ணம் 43.'
மனு ரசீது போட்டவள் நான்தான்.
அந்த இரவைப் பற்றி
அரசாங்கத்தில் இருக்கிற ஒரே காகிதம்.

ஆகவே ஆறாவது கட்டத்தில்
அந்த மனு எண்ணை எழுதினேன்.
எதிர்மனுதாரர்: சு. பிரம்மசக்தி.

பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது.
"என்னம்மா, விருதுக்கு ஆள் கேட்டா
இலைக் கணக்கு அனுப்பியிருக்கே?"

விருது ராதாபுரத்துப் பெண்ணுக்குப் போனது.
பதினோரு பவுன் சங்கிலியை
ஓடும் ரயிலில் ஏறி மீட்டவள்;
கை வலிக்கத் தட்டினோம்.
ஆயுதப்படை மைதானத்து வெயிலில்
பதக்கம் ஒருமுறை திரும்பி மின்னியது.
வாசல் பந்தோபஸ்தில் பிரம்மசக்தி
வி.ஐ.பி. கார்களை வேப்பமரம் பக்கமாக
ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டாள்:
"எஸ்தர், அந்த இலை மனு என்னாச்சு?"
"முடிச்சாச்சுக்கா."
"எப்படின்னு எழுதின?"
"நூத்தி முப்பது ரூபா கொடுத்துச் சமாதானம்."
"நூத்தி அம்பதுடி" என்றாள்.
"ரெண்டு கன்னு சாஞ்சுபோச்சுல்லா,
அதுக்கும் சேத்துக் குடுத்தேன்.
திருத்தி எழுது."