நான்கு விரல்

பதினெட்டாயிரத்து நானூறு யூரோ என்று
தாளில் அச்சிட்டு, மடித்து,
கூடவே இரண்டு மிட்டாயும் வைத்துக் கொடுத்தாள் மைகே.
கடைத் திரையில் எங்கள் சமையலறை மெல்லச் சுழன்றது.
அதில் எலுமிச்சை நிறைந்த கிண்ணம் ஒன்று.
ஓக்கோவுக்கு எலுமிச்சை ஆகாது, வயிறு எரியும்.
ஆனால் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்,
தன் வீட்டில் யாரோ
நல்லவர்கள் குடிவந்துவிட்டதைப் போல.

பேருந்தில் திரும்பும்போது
துறைமுகக் காற்று கண்ணாடியைத் தட்டியது.
"இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டது, போகட்டும்" என்றான்.
அலமாரியைச் சொல்கிறாயா, என்னையா என்று கேட்டேன்.
சிரித்தான்.
எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது.

பழையது ஒன்றும் உத்தமம் இல்லை.
அடுப்பின் கைப்பிடி தடுத்து
பாதியே திறக்கும் இழுப்பறை;
அதற்குள் கரண்டி இருக்கும் இடம்
என் விரல்களுக்கு மட்டும்தான் தெரியும்.
தொட்டிக்குக் கீழே
பாலில் ஊறிய ரொட்டிபோல ஊதிய பலகை.
பிறகு அந்த உயரம்.

எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவன்
கப்பலில் சமைத்தவன், ஓக்கோவைவிட நெடியவன்.
தன் இடுப்புக்கு அளந்து மேடை போட்டான்.
போகும்போது எங்களிடமே விற்றுவிட்டுப் போனான்.
பிரேமர்ஹாஃபனில் அப்படித்தான்,
வீடு வேறு, சமையலறை வேறு, விலையும் வேறு.
என் இடுப்பை யாரும் கேட்கவில்லை.
உருளைக்கிழங்கு நறுக்கும்போதெல்லாம்
தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும்.
வைத்தியர் ஒருமுறை அழுத்திப் பார்த்து
நீச்சல் வீராங்கனையா என்று கேட்டார்.
இல்லை, முட்டைக்கோஸ் என்றேன்.

சனிக்கிழமை தச்சர் நெஜ்மி வந்தார்.
கதவைத் திறந்து, இழுப்பறையை இழுத்து,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர்போலப் பார்த்தார்.
அடிப்பலகையைக் கழற்றி
டார்ச்சோடு படுத்துக்கொண்டார்.
வெகுநேரம் பேச்சில்லை.
அப்புறம் தரையிலிருந்தே ஒரு குரல்:
"இங்கே ஓடே இல்லையே?"

நாங்களும் படுத்துப் பார்த்தோம்.
மூன்று கன்னங்கள் குளிர்ந்த தரையில்.
உண்மைதான்,
கண் எட்டும் மட்டும்தான் தரை.
அலமாரிக்குக் கீழே வெறும் சிமெண்ட்,
ஒரு பழைய மார்க் நாணயம், உலர்ந்த பட்டாணி நாலைந்து.
கப்பல்காரன் ஓட்டில் மிச்சம் பிடித்திருக்கிறான்.
புதியதை இடம் மாற்றிப் போட்டால் தரையும் போட வேண்டும்.
தரை உயர்ந்தால் கதவு உரசும்.
கதவைச் சீவினால்
ஓக்கோ விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து
ஒரு கட்டத்தில் விரலை மடக்கிக்கொண்டான்.
காபி போட்டான்.

மூன்று சர்க்கரை போட்டுக் கலக்கியபடி
நெஜ்மி என்னையே பார்த்தார்.
நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
"எப்போதும் இப்படித்தான் நிற்பீர்களா?"
எப்படி?
அவர் தன் தோள்களை உயர்த்திக் காட்டினார்.
ஓக்கோ அதைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
இருபத்தாறு வருஷம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து
செய்தித்தாள் படித்தவன்.

கால்களில் நான்கு விரல் அறுத்தோம்.
ஊதிய பலகைக்குப் பதில் வேறு பலகை,
கீல்கள் எல்லாம் புதிது, ஆயிரத்து நூறு யூரோ.
வெள்ளியோடு தள்ளுபடி முடிகிறது என்று
மைகே தொலைபேசியில் கூப்பிட்டாள்.
அந்தக் கிண்ணம் மட்டும் தனியாகக் கிடைக்குமா
என்று கேட்டான் ஓக்கோ.

இப்போது பாத்திரம் கழுவ அவன் குனிகிறான்.
நேற்று முதுகைப் பிடித்துக்கொண்டு
"கொஞ்சம் தாழ்வோ?" என்றான்.
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவன் கையிலிருந்த பஞ்சை வாங்கினேன்,
ஒரு தட்டு தேய்த்தேன்,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மேடை இறங்கிய இடத்தில் சுவரில்
நான்கு விரல் அகலத்துக்கு ஓடில்லாத சாம்பல் பட்டை,
வெள்ளம் வடிந்த கோடு மாதிரி
சன்னல்வரை ஓடுகிறது.
நீலம் ஒட்டலாம் என்கிறான்.
அப்படியே கிடக்கட்டும் என்கிறேன்.
இழுப்பறை
இன்னும் பாதிதான் திறக்கிறது.