காலி எடை

புதுவயல் ரைஸ் மில்லில்
ராத்திரி பத்துக்கு மேல் என் பொறுப்பில் இரண்டு எந்திரங்கள்.
ஒன்று அறுபது டன் தாங்கும் எடைமேடை.
இன்னொன்று அறுநூற்றுச் சொச்சம் கிராம்.
சீட்டு எடுத்த காசில்
செக்காலை ரோட்டுப் பையனிடம் பழசாக வாங்கியது,
அம்மாவிடம் ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று சொல்லிவைத்தது.
இடது குச்சி தானாகச் சாயும்.
நான் சும்மா இருந்தாலும் என் ஆள்
மேற்குப் பக்கமாக நடந்துகொண்டேயிருப்பாள்,
கட்டவிழ்ந்த மாடு மாதிரி.

அவியல் நெல்லின் ஆவி
ஜன்னல் கம்பியில் வந்து வியர்க்கிறது.
உமித்தூசு விசிறிக்குள் போகாமலிருக்க
பழைய துப்பட்டாவின் ஓரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
அதன் வழியே மூச்சிரைக்கிறது,
பதினைந்து வாட்டுக்கு மேல் கேட்காதே என்று
நான் கட்டிவைத்த சின்ன உயிர்.
முதுகு தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

புல்லை எடுத்தேன். நிழல்களை எடுத்தேன்.
தூரத்து மலைகளைக் களிமண் ஆக்கினேன்.
முகங்கள் மழுங்கின.
ஒரு ராஜ்ஜியத்தின் அழகையெல்லாம் கழித்து
நொடிக்கு முப்பது படம் சம்பாதித்தேன்.
கொள்ளிவாய் தீ உமிழும்போது மட்டும்
பத்தொன்பதுக்கு இறங்கிவிடும்.
(அதற்கு வேறென்னவோ பெயர். எனக்குக் கொள்ளிவாய்தான்.)
காணாமல்போன அந்தப் பதினோரு படங்களுக்குள்தான்
நாற்பத்திரண்டு முறை செத்தேன்.

நாற்பத்து மூன்றாம் முறை
அதன் உயிர்க்கோடு நகக்கண் அளவு.
என்னிடம் ஒரு மடக்கு மருந்தும் இல்லை.
கட்டைவிரல் வழுக்குகிறது.
கொள்ளிவாய் கையை ஓங்கிவிட்டது

ஹாரன்.

இந்த ஆட்டத்தில் நிறுத்தி வைக்க வழி கிடையாது,
செய்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள்.
ஆனால் கருவியின் உச்சியில் ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினால் உலகமே தூங்கும்.
அமுக்கினேன்.
ஓங்கிய கை ஓங்கியபடி.

திருவாடானை நெல். ஓட்டுநர் சவரிமுத்து.
"இறங்குங்கண்ணே."
"முட்டி வலிக்குதும்மா."
"காலி வண்டி எடைக்கு மட்டும் முட்டி எப்படி இறங்குது?"
போன மாதம் வரை சவரிமுத்து அண்ணனையும்
நெல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது எங்கள் மில்.
இறங்கினார்.
சிவப்பு எண்கள் தடுமாறி
எண்பது குறைந்து நின்றன.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
"ராத்திரில தனியா இருக்கியே, பயமா இல்லையா" என்றார்.
உள்ளே ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான் என்று
நான் சொல்லவில்லை.

எழுப்பினேன்.
உருண்டுவிட்டதாக நினைத்தேன்.
விரல் இன்னும் ரசீதுப் புத்தகத்திலேயே இருந்தது.
நாற்பத்து மூன்று.

அந்த எண்பது கிலோ மனதைவிட்டுப் போகவில்லை.
என் ஆளின் உடுப்பைத் திறந்து பார்த்தேன்.
இரும்புச் சட்டை, இரும்புக் கால்,
ஒரு வாரம் சுரங்கத்தில் அலைந்து எடுத்த தலைக்கவசம்.
இவ்வளவும் மாட்டிக்கொண்டு உருண்டால்
லாரியிலிருந்து மூட்டை விழுவது போலத்தான் விழுவாள்.
கழற்றினேன்.
தலைக்கவசத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்,
அவளுக்கு நன்றாக இருந்தது.

நாற்பத்து நாலில் ஒரே தட்டில் போனாள்.
நாற்பத்தைந்திலும்.
நாற்பத்தாறில் சார்ஜர் கழன்று கிடந்ததை
திரை கறுத்த பிறகுதான் பார்த்தேன்.
அதற்கப்புறம் எண்ணவில்லை.

பால் வண்டி போகிற நேரத்தில் அது விழுந்தது.
கத்தவில்லை.
பாய்லர் பூமிநாதனிடம் ஓடிச் சொன்னால்
"எதுல, கேரம்போர்டுலயா?" என்பான்.
வெளியே வந்து
எடைமேடையின் நடுவில் நின்றேன், கையில் அதோடு.
அது இன்னும் சுட்டது.
மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
ஐம்பது என்றது.
நேற்றும் ஐம்பதுதான்.