ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் வாசலில்
கல்லூரி அடையாள அட்டை மாட்டிய பையன்
டேப்லெட்டை நீட்டிக் கேட்கிறான்:
வேலைக்குப் போய்வரும் பயணத்தில்
எவ்வளவு திருப்தி, மேடம்?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.

நாலு என்றேன்.
யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

மந்தைவெளியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இதே வாடகைக்கு மேடவாக்கத்தில்
இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம் என்று
ஒரு வாரம் கணக்குப் போட்டுக் காட்டினான் இளம்பரிதி.
ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினான்.
மெயின் ரோடு இதோ, ரெண்டே நிமிஷம் என்றார் தரகர் சம்பந்தம்.
பைக்கில் ரெண்டு நிமிஷம்.
ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டு நிமிஷம்.
திங்கட்கிழமை காலை எட்டரைக்கு
தனியாகப் போய் அதே முனையில் நின்று பார்த்தேன்.
திரும்பி வந்து சொன்னேன்:
ஒரு அறை குறைந்தால் குறையட்டும்,
எனக்கு நடந்துபோய் ரயில் ஏற வேண்டும்.

ஏழு நிமிட நடை.
நடைபாதை என்று ஒன்று உண்டு, அதன்மேல்
ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு புல்லட், இஸ்திரி வண்டி.
கரி விசிறும் நேரம் பார்த்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுவேன்.
மழை பெய்தால் செருப்பு கையில்.
ஸ்டேஷனில் நகரும் படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.
கல்யாண மண்டபம் அளவுக் கூடத்தில்
மாதப் பாஸ் எடுத்தவை போல் புறாக்கள் உலாத்தும்.
திருமயிலை தாண்டினால் கால்வாய்;
வெயில் விழும் கோணம் சரியாக அமைந்துவிட்டால்
சில நாள் அது தண்ணீர் மாதிரியே இருக்கும்.

இதற்கு யாராவது நாலு தருவார்களா?

அந்தத் தெரு எனக்கு
நானே அடம்பிடித்துக் கட்டிக்கொண்டவனின் குறட்டை.
குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.
நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

பையன் திரையைத் தள்ளினான்.
நீங்கள் வசிக்கும் இடத்தை
நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா?
ஆம். இல்லை. ஓரளவு.
ஆம், தம்பி.

பக்கத்தில் தேவகிருபை, பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவள்.
பல்செட் செய்யும் லேபில் எனக்கு எதிர் மேஜை.
மெழுகில் பல் வரிசை பிடிக்க
அவளைப்போல் ஆள் கிடையாது.
கூவத்துக் கரையில் வீடு இருந்தவரை
எட்டு நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடுவாள்.
மதியம் போய்க் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டு
வெற்றிலைச் சிவப்போடு திரும்புவாள்.
ஒரு நாள் கதவில் பெயிண்டால் எண் போட்டார்கள்.
பிறகு லாரி. பிறகு பெரும்பாக்கம், ஏழாம் மாடி.
லிஃப்ட் உண்டு. அது ஓடும் நாட்களும் உண்டு.
சும்மா சொல்லக்கூடாதுக்கா,
காத்து ஆளையே தூக்கிட்டுப் போவுது என்பாள்.
இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம்.
டிக்கெட்டில் விலை பூஜ்யம்.

உங்களுக்கு எவ்வளவு, அக்கா?

எந்த வீட்டுலேர்ந்து கேக்குற?

திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான்.
அதற்கு அவனிடம் கட்டம் இல்லை.
அவன் முகம் பார்த்து அவளுக்கே பாவமாகியிருக்கும்.
அஞ்சுன்னு போட்டுக்கப்பா.
ஆரம்ப ஸ்டாப்புல்ல, காலைல ஜன்னல் சீட்டு கிடைக்குது.

நன்றி சொல்லி அடுத்த ஆளிடம் போனான்.
அவன் போன பிறகும் என் நாலு
அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அரிசி களைந்து,
குக்கரை ஏற்றி, சின்னவள் ஹோம்வொர்க்கில்
ஒரு கையெழுத்துப் போட்டு,
மூன்றாவது விசிலுக்கு போன் அதிர்ந்தது.
சைதாப்பேட்டைல மாறிட்டேன்க்கா. நின்னுட்டுதான்.

அடுப்பை அணைத்தேன்.
ஜன்னலைத் திறந்தேன்.
இங்கே காற்று வருவதில்லை.