இடக்கை

பாத்திரக் கடையில் செம்புத் தகடு
நிறுத்து வாங்கினேன்.
அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.
தாமிரத்தின் பெயரை வைத்துக்கொண்டு
கொக்கிரகுளத்தில் ஆறு
முழங்காலளவு போய்க்கொண்டிருந்தது.

மெழுகு பூசி, விளக்குப் புகையில் கறுப்பாக்கி,
ஊசியோடு முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன்.
வண்டிமலையான் அங்கேதான் இருப்பார்,
ஜூஸ் கடை நிழல் நகர நகரத்
தானும் நகர்ந்து.
லோடு இறக்கும்போது போன கால்.
"வரஞ்சுக்கோ. ரூவாய முன்னாடியே தந்திரணும்."
தந்தேன்.

பையில் ஒரு புத்தகம்.
நானூறு வருஷத்துக்கு முன்னால்
டச்சுக்காரர் ஒருவர் செம்பில் கீறிய பிச்சைக்காரர்கள்.
கந்தலைக் கீறுவது எவ்வளவு சுகமென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
பட்டு, நாலு கோட்டில் முடிந்துவிடும்.
கிழிசலுக்குத்தான்
குறுக்கும் நெடுக்குமாய் நூறு கோடு,
கோட்டின்மேல் கோடு,
ஊசி தானே ஓடும்.
அவர் சட்டைத் தோள்பட்டையில்
ஒரு மணி நேரம் இருந்தேன்.
முகத்துக்குப் பத்து நிமிஷம்.

ராத்திரி மொட்டைமாடியில்
திராவகம் தகட்டைத் தின்றது.
மெழுகு இருக்கிற இடத்தை அது தொடாது.
ஊசி பட்ட இடத்தில்தான் இறங்கும்.

மூன்றாம் நாள்
தாளை அவர் மடியில் விரித்தேன்.
சட்டையைப் பார்க்கவில்லை. முகத்தையும்.
"எடது கையையா நீட்டுதேன்?"

அச்சில் எல்லாம் திரும்பிவிடும் என்றேன்,
யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"நீ யோசிக்கல. பாக்கவன் என்ன நெனைப்பான்?
இருவது வருஷமா கேக்கேன்,
ஒருத்தன்ட்டயும் பீச்சாங்கைய நீட்டுனதில்ல."

திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன்.
மண்மேட்டில் உட்கார்ந்த கிழவன்,
குழந்தையை முதுகில் கட்டியவள்,
ஒவ்வொருவராய்க் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.
இடது. இடது. இது வலது.
மறுபடி இடது.
இவர்களில் ஒருவருக்காவது
தாளைக் காட்டியிருப்பார்களா?

சுரண்டுகத்தியால் அந்தக் கையை எடுத்தேன்,
எண்ணெய் விட்டுத் தேய்த்தேன்,
மறுபக்கம் புதிதாய்க் கீறினேன்.
செம்பு முழுசாய் விட்டுக்கொடுப்பதில்லை.
இப்போது வலக்கை நீண்டிருக்கிறது, கறுப்பாக.
இடப்பக்கம், புகை மாதிரி,
பின்னால் இழுத்துக்கொண்ட இன்னொரு கை.

வெகுநேரம் பார்த்தார்.
"இப்பம் சரி."
பிறகு,
"ஆமா, அந்தத் தகட்ட என்ன செய்வ?
பழைய செம்பு கிலோ என்ன வெலைக்குப் போவுதுன்னு
தெரியும்லா ஒனக்கு?"