கால நீட்டிப்பு

பணகுடியில் எதையும் நிமிர்த்தி நடுவதற்கு முன்
காற்றிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.
வைகாசியில் நிறுத்திய தகர வேலி
ஆனியில் படுத்துக்கொண்டது.
விளையாட்டரங்கச் சீரமைப்பு என்ற பெயர்ப்பலகை
ஒரு வாரம் நின்றது.
பிறகு கிழக்குத் தெரு டீக்கடைக் கூரையில்
‘பணி முடிவடையும் நாள்’ என்ற பாதி மட்டும்
வெயில் மறைத்துக்கொண்டிருந்தது.

நான் சைட் சூப்பர்வைசர்.
கட்டுவதுதான் என் வேலை என்று
வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
கட்டுவது கொத்தனார்.
நான் தாமதங்களுக்குப் பெயர் வைக்கிறேன்.

ஜூன்: குவாரி ஸ்டிரைக்.
ஜூலை ஒன்பது: ஓடுதளத்துக்குப் பசை ஏற்றிய லாரி
காவல்கிணறு விலக்கில் நிற்கிறது.
அதற்கு முன்னால் ஒரு காற்றாலை இறக்கை
காலையிலிருந்து
திரும்ப இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது.
பசை வந்தது, கூடவே காற்றும் வந்தது.
புழுதியோடு போட்டால் ஓடுதளம் இல்லை, உப்புத்தாள்.
ஐப்பசி, மழை.
அப்புறம் பில் பாஸாகவில்லை என்று
காண்ட்ராக்டர் கோயில்பிச்சை
போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.
அவருடைய காலர் டியூன் முழுக்க எனக்கு மனப்பாடம்.

மூன்று முறை கால நீட்டிப்பு கேட்டு எழுதினேன்.
மூன்று முறையும் கிடைத்தது.
அதற்கென்று படிவம் இருக்கிறது,
காரணம் எழுத ஏழு வரி.

கபடிக்காரர்கள் அறுத்த வயலுக்குப் போய்விட்டார்கள்.
வாலிபால் பையன்கள்
இரண்டு ஜல்லிக் குவியலுக்கு நடுவே வலை கட்டினார்கள்,
ஜல்லி இறக்கியதே அதற்குத்தான் என்பது போல.
நீளம் தாண்டுகிற ரெக்ஸலினுக்குத்தான்
போக வேறு இடம் இல்லை.
வேலி விழுந்த வழியாகச் சாயங்காலம் வருவாள்.
மணல் இருக்க வேண்டிய குழியில்
தண்ணீரும் இரண்டு தவளையும்.
‘எப்ப சார் முடியும்?’
‘அடுத்த மாசம்மா.’
சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள்.

மார்கழியில் அவள் வரவில்லை.
ஜனவரி பிறந்தால் ஜூனியர் வயது தாண்டிவிடுமாம்;
வெல்டர் மந்திரமூர்த்தி சொன்னான்,
அவன் தங்கச்சியோடு படிக்கிறவள்.
அன்றிரவு படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
ஏழு வரியில் ஒன்றிலும்
அவளை எழுத முடியாது.

மாசியில் ஒருவழியாகக் குழிக்கு மணல்.
அதுவும் முதலில் எம்-சாண்ட் கொட்டி,
முழங்காலைக் கிழிக்கும் என்று அள்ளிப் போட்டு,
கழுவிய மணல் வந்துசேரப் பதினோரு நாள்.
திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்தே நாள்.
பந்தல்காரர் வந்து அளவெடுத்துப் போன மறுநாள்
அவள் வந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு
மிதிபலகை ஓரத்தில் பாதத்தை வைத்து
முன்னும் பின்னும் இழுத்தாள்.
‘சார், பலகை தூக்கிக் கெடக்கு.’
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நகர்ந்தது.
‘ஒரு நூலுதானம்மா.’
‘கண்ணுக்கு ஒரு நூலுதான் சார்.
ஓடி வாரப்ப கால் தட்டும்லா.
சின்னப் புள்ளையளுக்குக் கரண்ட போயிரும்.’

உடைக்க வேண்டும்.
கான்கிரீட் மறுபடி இறுக ஏழு நாள்.
கவுன்சிலர் கத்துவார், பந்தல்காரர் அட்வான்ஸ் தரமாட்டார்.
நான் ஒன்றும் சொல்லாமல் நின்றபோது
மகேந்திரகிரிப் பக்கம் என்ஜின் சோதிக்கிற உறுமல்.
தகரமெல்லாம் அதிர்ந்து
சட்டென்று அடங்கியது.
அங்கேயும் யாராவது
ஒரு திருகை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

மந்திரமூர்த்தியிடம் பிரேக்கரை எடுத்துவரச் சொன்னேன்.
அவள் கிளம்பவில்லை.
உடைந்த சில்லைப் பொறுக்கிப் பொறுக்கி
மணலில் விழாமல் ஓரமாகப் போட்டாள்.

நான்காவது படிவம்.
காரணம்: மிதிபலகை ஒரு நூல் உயரம்.
ஆறு வரி மிச்சம்.
கீழே, குறையைக் கண்டறிந்தவர் என்று ஒரு கட்டம்.
இதுவரை அதில் என் பெயரையே எழுதிவந்தேன்.
ரெக்ஸலின், நீளம் தாண்டுபவர் என்று எழுதினேன்.
பக்கத்தில் வயது கேட்டிருந்தது, விட்டுவிட்டேன்.
காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது.
ரசமட்டத்தைத் தூக்கி
மேலே வைத்தேன்.