முப்பத்து மூன்றாவது பைட்

பள்ளத்தூர் நகரச் சிவன் கோயிலில்
ரசீது மெஷின் பேரைத் தின்கிறதென்று
கணக்கர் ஏகப்பன் போன் போட்டார்.
போனேன். புள்ளி வரி கட்ட வாசல்வரை வரிசை.

நான் எழுதியது சி ஷார்ப்.
பிரிண்டர் கம்பெனி தந்தது பழைய சி நூலகம்,
மூலநிரல் கிடையாது;
சாவித்துவாரத்தில் வாய்வைத்துப் பேச வேண்டும்.

முதலில் தந்த பேரெல்லாம் கேள்விக்குறியாய் வந்தது.
"இம்புட்டுக் கேள்வி எங்க கூட்டத்துலயே
யாரும் கேட்டதில்லையே தம்பி."

இரண்டிரண்டு பைட்டாய்த் தந்தேன்.
ஏதோ கிறுக்கல், பிறகு தலைப்பெழுத்தின் புள்ளி,
அதோடு சரி.
தமிழ் எழுத்து எதிலும் பூச்சியம் இல்லை.
புள்ளிக்குள் இருந்தது, அதன் மறுபாதியாய்.
என் பக்கத்தில் ஒவ்வொரு சரத்துக்கும்
தன் நீளம் தெரியும்.
சி நீளம் கேட்பதில்லை,
பூச்சியத்தைப் பார்த்தால் கடையைக் கட்டும்,
பார்க்காவிட்டால்
போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாம் தடவை
எழுத்துக்கு மூன்று பைட்டாய் உடைத்துத் தந்தேன்.
பேர்கள் பேர்களாய் வந்தன. வரிசை நகர்ந்தது.
மோர் கொடுத்தார்கள்.

அப்புறம் சிகப்பி ஆச்சி வந்தார். அரைப்புள்ளி.
நானும் வரிக்கு வரி
அரைப்புள்ளி வைத்தே பிழைக்கிறவன்;
அது கைப்பையோடு வந்து
சில்லறை எண்ணும் என்று தெரியாது.

காகிதம் வந்தது:
அரு. சிகப்பிஅருணாசலம்.

ஏகப்பன் என்னைப் பார்த்தார்.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
அரு, ஒன்பது. புள்ளி, ஒன்று. இடைவெளி, ஒன்று.
சிகப்பி, இருபத்தொன்று.
ஆக முப்பத்திரண்டு.
பேருக்கு ஒதுக்கிய இடமும் முப்பத்திரண்டு.
முடிக்கும் பூச்சியத்துக்கு நிற்க இடமில்லை.
சுவரில்லாத பக்கத்து அறையில்
போன மாசியில் தவறியவர் பேரை
நான் அழிக்காமல் விட்டிருந்தேன்.

"கேன்சல் பண்ணி வேற போட்டுத் தாரேன் ஆச்சி."
"தொகை சரியா இருக்கா?"
"பாதிதான். சரியா இருக்கு."
"அப்ப எதுக்கு வேற?"
நாலாய் மடித்துப்
பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டு போனார்.

முப்பத்திரண்டை முப்பத்து மூன்றாக்கினேன்.
பக்கத்து அறையைத் துடைத்தேன்.
இரண்டு முறை சோதித்தேன், சிகப்பி என்றே நின்றது.
காரைக்குடி பஸ்ஸில்,
திருத்தக் குறிப்பில் என்ன எழுதுவதென்று
கோட்டையூர் தாண்டியும் தெரியவில்லை.
"ஒரு பைட் குறைவு" என்று போட்டேன்.