எதிர்பாராச் செலவு, ஏழு விழுக்காடு

ஜல்லி, கன மீட்டருக்கு நூற்றுத் தொண்ணூறு பொலிவியானோ.
போன வாரம் நூற்று எழுபது.
எல் ஆல்தோ சுங்கச்சாவடியில் மறியல் என்றார்கள்.
மறியல் முடிந்துவிட்டது, விலை இறங்கவில்லை.
பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

லா பாஸ் மலைச்சரிவின் இடுப்பில் ஒரு தாங்குசுவர்.
நீளம் அறுபத்திரண்டு, உயரம் ஆறரை.
மேலே பதினேழு வீடுகள், கீழே பள்ளிக்கூடம்.
பிப்ரவரி மழையில் பதினெட்டாவது வீடு
பள்ளியின் பந்தாட்டத் திடலுக்கே வந்துவிட்டது
அடுப்போடு, தகரக் கூரையோடு, பாதி ஜன்னலோடு.
உள்ளே யாரும் இல்லை.
வரைபடத்தில் அதற்கு
‘தளர்ந்த மண் அகற்றல், 340 கன மீட்டர்’ என்று பெயர்.

அளக்கப் போன அன்று
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள்
அந்த வீட்டுக்காரி, நியேவெஸ் லாருதா.
“என் சமையலறையையும் சேர்த்துத்தான் அளக்கிறாயா?”
ஆமாம் என்றேன்.
டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்,
தொய்வு விழாமல்.

இங்கே பிறந்தவர்களுக்கு மூச்சு வாங்காது,
கூலிநாளைக் கூட்டாதே என்பார் எஞ்சினியர் கல்யிசாயா.
கான்கிரீட் இங்கே பிறந்ததில்லையே.
ஜூன் இரவுகளில் அதற்குள் தண்ணீர் உறையும்,
குழந்தையைப் போல மூடித் தூங்கவைக்க வேண்டும்.
எழுதுகிறேன்:
கம்பளி, நாற்பது சதுர மீட்டர், மூன்று முறை பயன்பாடு.

முன்பொரு முறை
நீரிறைக்கும் பம்புக்கு ஒரு வரி எழுத மறந்தேன்.
ஒரே ஒரு வரி.
கிணறு வெட்டினால்தான் பூதம் கிளம்புமாம்.
நாங்கள் வெட்டியது வெறும் அஸ்திவாரம்,
கிளம்பியது கிணறு.
ஒப்பந்தக்காரர் ஃப்ளோரென்சியோ லாரியை விற்றார்.
இப்போது மினிபஸ் ஓட்டுகிறார்.
நான் ஏறும் நாட்களில்
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணித் தருகிறார்.

ஆகவே எதையும் விடுவதில்லை.
ஒரு செலவுக்கு மட்டும் வரி கிடைக்கவில்லை.
மேஸ்திரி சேவேரோ சொல்லிவிட்டார்,
தோண்டுமுன் மண்ணிடம் கேட்டாக வேண்டும் என்று.
காய்ந்த லாமாக் கரு, கோக்கா இலை,
சர்க்கரை வில்லைகள், ஒரு புட்டி சாராயம்,
இவற்றை முறையாய் எரிக்கத் தெரிந்த ஒருவர்,
அவருக்கு மதியச் சாப்பாடு.
இல்லையென்றால் ஒரு மண்வெட்டியும் இறங்காது.
அலகு: மொத்தத் தொகை.
அளவு: ஒன்று.
தணிக்கைக்காரர் ரசீது கேட்பார்,
மண் ரசீது தந்து பழக்கமில்லை.

மாலையில் கல்யிசாயா கதவோரம் வந்து நிற்கிறார்.
ஓருரோக்காரர்கள் குறைத்துப் போடுகிறார்களாம்,
பதினொரு விழுக்காடு வெட்டு.
எங்கே வெட்ட?
வடிகாலைச் சுற்றும் துணியை எடுத்துவிடலாம்,
எட்டு வருடத்துக்கு யாருக்கும் தெரியாது,
ஒன்பதாவது வருடம் மழைக்குத் தெரியும்.
“அந்த ஏழு விழுக்காடு எதற்கு?
எதிர்பாராதது வந்தால் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.”
வரும்போது பந்தாட்டத் திடலில்
நீங்கள் நிற்கமாட்டீர்களே, ஐயா.
வாய்வரை வந்ததை விழுங்கி
தலையாட்டினேன்.

இரவு பத்தரை.
அறிவிப்புப் பலகை மூன்றை ஒன்றாக்கினேன்.
வேலியைப் பழைய தகரத்துக்கு மாற்றினேன்.
‘மேற்பார்வை வாகனம், நான்கு மாதம்’
அவருடைய பிக்கப்தான் அது,
நீக்கினேன்.
நாளை கத்துவார்.
ஆறு புள்ளி நான்கு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.
கம்பளி இருக்கிறது. துணி இருக்கிறது. ஏழு இருக்கிறது.
‘தளம் தயார் செய்தல்’ வரியில் மட்டும்
எண்ணூற்றைம்பது கூடியிருக்கிறது,
சேவேரோவுக்குத் தெரியும்.

காலை ஒன்பதுக்கு உறையை ஒட்டுவார்கள்.
விளக்கை அணைக்குமுன்
மூன்றாம் பக்கத்தைத் திரும்பப் புரட்டுகிறேன்.
340.
சமையலறை சேர்ந்துதான் இருக்கிறது.